தரையும் தளமும்: இராமேஸ்வரம் கரையில் கட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்தில் வீடு கட்டும் மேஸ்திரிகளுக்கும் கொத்தனார்களுக்கும், வரைபடம் போட்டுத் தரும் பொறியாளர்களுக்கும், இராமேஸ்வரத்தில் புதிதாக விடுதி எழுப்பும் முதலாளிகளுக்கும்,



வைகாசி மாதம். பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். தங்கச்சிமடத்திலும் வேதாளையிலும் ஏர்வாடியிலும் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பாயும் தலையணையுமாக மொட்டை மாடி ஏறுகிறவர்கள் முதலில் செய்கிற வேலை, இரண்டு வாளித் தண்ணீரைத் தளத்தில் ஊற்றுவது. ஊற்றிய ஈரம் கண்ணெதிரே காய்ந்துபோகும். மறுபடி ஊற்ற வேண்டும். அதன் பிறகும் பாயை விரித்துப் படுத்தால் முதுகில் சூடு தெரியும். கீழே அறைக்குள் படுத்திருக்கும் பெரியவர்கள் "ஃபேன் அனலா அடிக்குது" என்று சொல்லிக்கொண்டு விசிறியைத் தேடுவார்கள். பாம்பனில் மே மாத இரவுகளில் வெப்பநிலை 26, 27 டிகிரிக்குக் கீழே எளிதில் இறங்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த அறை அதைவிட அதிகமாகக் கொதிக்கிறது. சூரியன் போய்விட்டது, வெளியே கடல்காற்று வீசுகிறது, வீட்டுக்குள் அடுப்பு எரியவில்லை. பிறகு எங்கிருந்து வருகிறது அந்தச் சூடு?

தளத்திலிருந்து. தளத்தை வார்த்தவர்கள் நீங்கள் என்பதால் இந்த மடல் உங்களுக்கு.

குளிர்நாட்டுக்காரர்கள் இதே காரியத்தை வேண்டுமென்றே, பணம் செலவழித்துச் செய்துகொள்கிறார்கள். தரையைச் சூடாக்கி, தரை வீசும் சூட்டில் வீட்டை வைத்திருப்பது. கொரியாவில் அந்த முறைக்கு ஓண்டோல் என்று பெயர். சமையலறை அடுப்பு அறையின் தரை மட்டத்துக்குக் கீழே இருக்கும். சோறு பொங்கும் நெருப்பின் புகை நேரே மேலே போகாமல், அறையின் தரைக்கு அடியில் கல் அடுக்கிச் செய்த பாதைகள் வழியாக நெளிந்து போய், மறுபக்கத்துப் புகைபோக்கியில் வெளியேறும். மேலே பலகைக் கல், அதன்மேல் மண் பூச்சு, அதற்கும் மேல் எண்ணெய் ஊறிய காகிதம். ஒரு வேளை சமையலில் கல் வாங்கிய சூடு இரவெல்லாம் நிற்கும். அடுப்புக்கு மிக அருகில் உள்ள இடம்தான் அறையிலேயே கதகதப்பானது. அது வீட்டுப் பெரியவர்களுக்கு. கொரியர்கள் தரையில் உட்கார்ந்து உண்டு, தரையில் படுத்துறங்கும் பழக்கமே இந்தத் தரையை ஒட்டி வளர்ந்ததுதான். இன்று சியோலின் அடுக்குமாடி வீடுகளில் புகைக்குப் பதில் சுடுநீர்க் குழாய் ஓடுகிறது; முறை அதேதான். 2018இல் தென்கொரிய அரசு ஓண்டோல் பண்பாட்டைத் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது.

ரோமானியரின் குளியல் மாளிகைகளிலும் இதே ஏற்பாடு உண்டு. செங்கல் குட்டைத் தூண்கள்மேல் தரையை நிறுத்தி, அடியில் உலையின் அனலை ஓடவிட்டார்கள். இவ்வளவு தூரம் போவானேன், நம் நாட்டிலேயே இருக்கிறது. காஷ்மீரத்தில் பழைய வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் ஹமாம் என்று ஓர் அறை. தரை முழுக்கக் கற்பலகை. அடியில் விறகு எரியும். அதே நெருப்பில் ஒரு பெரிய செம்புக் கொப்பரையில் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் தண்ணீரும் சூடாகும். பனி கொட்டும் மாதங்களில் தொழுகை முடிந்தும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் பெரியவர்கள் அந்தக் கல்தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரே விறகில் தண்ணீரும் தரையும். சிக்கனத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், ஜப்பானில் ஒரு வீட்டில் அமைத்திருந்த கொரியத் தரையறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அதை மறக்கவே இல்லை. 1937இல் விஸ்கான்சினில் ஜேக்கப்ஸ் குடும்பத்துக்குக் கட்டிய சிறு வீட்டில் தரைக்கு அடியில் குழாய் பதித்தார். அதன் பிறகு விமானக் கொட்டகை, நீச்சல்குளம், மருத்துவமனை, கோழிப்பண்ணை, பயிர் வளர்க்கும் கண்ணாடிக் கூடம் என்று பரவிவிட்டது. மிச்சிகன் மாநிலத்து ஹாலந்து நகரில் 1988 முதல் கடைத்தெரு நடைபாதைக்கு அடியிலேயே சுடுநீர் ஓடுகிறது. மின்நிலையம் கழித்துவிடும் வெந்நீர் அது. நடைபாதையில் பனி படிவதற்குள் உருக்கிவிடும்.

நம் கரைக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சூடான தரை நமக்கு வேண்டாம். ஆனால் அந்தத் தரை எப்படி வேலை செய்கிறது என்ற கணக்கு நமக்குத்தான் மிகவும் வேண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். அதில் ஏறக்குறையப் பாதி, காற்றைத் தொடாமலே, கதிராகப் போகிறது. தோலின் சூடு 33, 34 டிகிரி. சுற்றியுள்ள சுவர், தரை, கூரை இவை அதைவிடக் குளிர்ந்திருந்தால் உடம்பு அவற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்கும். சூடாக இருந்தால் அவற்றிடமிருந்து வாங்கிக்கொள்ளும். காற்று எத்தனை டிகிரி என்பது பாதிக் கதை மட்டுமே. சூடாக்கிய தரை 29 டிகிரியைத் தாண்டினாலே காலுக்குச் சங்கடம் என்று சர்வதேசத் தரநிலைகள் அளவு வைத்திருக்கின்றன. 29 டிகிரிக்கு உட்பட்ட ஒரு தரையால், வெளியே பனி உறைந்து கிடக்கும்போது ஒரு முழு வீட்டையும் கதகதப்பாக வைத்திருக்க முடிகிறது. பரப்பு பெரிது என்பதால் சூடு குறைவாக இருந்தாலே போதும்.

அப்படியானால் தலைக்கு மேலே 40 டிகிரியில் ஒரு முழுத் தளம் இருந்தால் என்ன ஆகும்?

உச்சிவேளையில் ஒரு சதுர மீட்டர் மாடியில் விழும் வெயில் 1,000 வாட் அளவுக்குப் போகும். நாம் வார்க்கும் நாலரை அங்குல, ஐந்து அங்குல காங்கிரீட் தளம், மேலே பூச்சு எதுவும் இல்லாமல் சாம்பல் நிறமாகக் கிடந்தால், அதில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேல்பரப்பு 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூடு கீழ்ப்பக்கம் வந்து சேர மூன்று நான்கு மணி நேரம் ஆகிறது. அதாவது பிற்பகலின் கொடுமை, பள்ளிவிட்டு வரும் பிள்ளை சீருடை மாற்றிவிட்டுப் படிக்க உட்காரும் நேரத்துக்குச் சரியாக அறைக்குள் இறங்குகிறது. வறுகடலைக்காரர் அடுப்பை அணைத்த பிறகும் சட்டி மணல் கடலையைப் பொரித்துக்கொண்டிருப்பதைப் போல, சூரியன் மறைந்த பிறகும் தளம் வீட்டை வறுத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீடு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் தளம், மானியம் 3.5 லட்சம் ரூபாய். குடிசைகளே இல்லாமல் செய்ய வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் வந்த திட்டம் அது. கீற்றுக் கூரைக்குத் தீப் பயமும் புயல் பயமும் உண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதை இந்தக் கரை மறக்காது. காங்கிரீட் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 300 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 28 சதுர மீட்டர் தளத்தின் அடிப்பக்கம் மாலையில் 40 டிகிரி, சுவரும் தரையும் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், சதுர மீட்டருக்கு 60 வாட் வீதம் சூடு கீழே வீசும். மொத்தம் 1,700 வாட் அளவு. குளிர்நாட்டில் சூடாக்கிய தரை வீசும் சூடும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ இதே அளவுதான். ஒரு டன் ஏ.சி. இழுத்து வெளியேற்றும் வெப்பம் 3,500 வாட். தவணையில் வாங்கி மாட்டிய ஏ.சி.யின் உழைப்பில் பாதி, தளம் இறக்கும் சூட்டைத் திருப்பி அனுப்புவதிலேயே கழிகிறது. ஏ.சி. வாங்க வழியில்லாத வீட்டில் அந்த 1,700 வாட்டும் சுவரிலும் தரையிலும் அங்கே படுத்திருக்கிறவர்கள் உடம்பிலும் இறங்குகிறது. மின்விசிறியும் மேலே தேங்கிய சூட்டுக் காற்றைத்தான் கீழே தள்ளுகிறது. "ஃபேன் அனலா அடிக்குது" என்று பெரியவர்கள் சொன்னது அப்பட்டமான உண்மை.

இனி விடுதி முதலாளிகளுக்கு. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்ததிலிருந்து இராமேஸ்வரத்தில் புதுக் கட்டடங்களைப் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. தரையிலோ தளத்திலோ குழாய் பதித்துக் குளிர்நீர் ஓடவிடும் முறையை உங்கள் ஆலோசகர் யாராவது சொல்லியிருக்கலாம். அது வெறும் பேச்சல்ல. ஹைதராபாத் போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் 2011இல் ஒரு கட்டடத்தைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான ஏ.சி., மறு பாதிக்குத் தளத்துக்குள் குளிர்நீர்க் குழாய் என்று கட்டிப் பார்த்தது. ஒரே கூரை, ஒரே மாதிரி ஊழியர்கள், ஒரே வெயில். குளிர்நீர்ப் பாதி 34 சதவீதம் குறைவான மின்சாரத்தில் ஓடியது. காரணம் எளியது: ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டர் காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். காற்றை விசிறித் தள்ளுவதைவிடத் தண்ணீரைப் பம்ப் செய்வது மலிவு. விவாதத்துக்கு இடமில்லாதபடி சோதித்துப் பார்த்ததற்காகவே அந்தக் கட்டடம் பாராட்டுக்குரியது.

ஆனால் ஹைதராபாத் கடலோரம் அல்ல. நம் கரையில் கோடையில் காற்று சுமக்கும் ஈரம் மிக அதிகம். 25 டிகிரியை ஒட்டிய எந்தப் பரப்பிலும் நீர் கோத்துக்கொள்ளும். குளிர்ந்த செம்பு சற்று நேரத்தில் வேர்ப்பதைத் தினமும் பார்க்கிறோம். 20 டிகிரிக்குக் குளிரூட்டிய தரை இராமேஸ்வரத்தில் ஒரே மணி நேரத்தில் வழுக்கும். தீர்த்தமாடிவிட்டு ஈரக் காலோடு வரும் யாத்ரீகர் விழுவார். பாங்காக் நமக்கு நிகரான புழுக்கம் உள்ள ஊர். அங்கே 2006இல் திறந்த சுவர்ணபூமி விமான நிலையத்தில் தரைக்கு அடியில் குளிர்நீர் ஓடுகிறது. கண்ணாடி வழியே விழும் வெயிலைத் தரையே வாங்கி வெளியே அனுப்பிவிடுகிறது. அது சாத்தியமானதற்குக் காரணம், உள்ளே விடும் காற்றை முதலில் ஈரம் நீக்கி விடுவது. ஈரம் நீக்கும் இயந்திரம் இல்லாமல், கதவு மூடித் திறக்கும் ஒழுங்கு இல்லாமல், இந்த முறை கடற்கரைக்கு ஒத்துவராது. பெரிய விடுதி, நாள் முழுக்க மூடிய கூடம், நல்ல பராமரிப்பு ஆள் என்றால் யோசிக்கலாம். முப்பது அறை லாட்ஜுக்கு வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. குழாய் என்றால் அதற்கென்றே வரும் பிளாஸ்டிக் குழாய்தான். இரும்போ செம்போ பதித்தால் நம் உப்புக்கு நிற்காது. அமெரிக்காவில் லெவிட்டவுன் வீடுகளில் 1940களின் கடைசியில் தரைக்குள் பதித்த செம்புக் குழாய்கள் பிற்பாடு ஒழுகி, தரையை உடைக்க வேண்டி வந்தது. அங்கே உப்புக்காற்றுகூடக் காரணமில்லை. இங்கே தளத்தின் கம்பியே துருப்பிடித்து, அடிப்பூச்சு பொத்தென்று விழுவதை நீங்கள் பார்க்காத தெரு இல்லை.

குழாயே இல்லாமல் குளிர்ந்த தரை ஒன்று உலகறிய இருக்கிறது. கீழக்கரையிலிருந்தும் பனைக்குளத்திலிருந்தும் ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்களைக் கேளுங்கள். மக்காவில் பெரிய பள்ளிவாசலின் திறந்த முற்றத்தில், உச்சி வெயிலில், வெறுங்காலோடு கஅபாவைச் சுற்றலாம். அடியில் குளிர்நீர் ஓடுகிறது என்றே பலர் நம்புகிறார்கள். இல்லை என்று அங்குள்ள நிர்வாகமே விளக்கியிருக்கிறது. அது கிரேக்க நாட்டுத் தாசோஸ் தீவிலிருந்து வந்த கெட்டி வெண்பளிங்கு. வெயிலை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறது. கல்லின் வெண்மையே பெரும்பாதி வேலையைச் செய்துவிடுகிறது. நம் கோயில்களிலும் இதே வித்தையை எளிய கையால் செய்கிறார்கள்: பங்குனி பிறந்ததும் கருங்கல் பிரகாரத்தில் நடைபாதை அளவுக்கு வெள்ளை வர்ணம் அடித்துவிடுவது. வெள்ளைப் பட்டையில் நிற்கும் குழந்தை பேசாமல் நிற்கிறது; ஒரு சாண் தள்ளிக் கருங்கல்லில் கால் வைத்தால் துள்ளுகிறது. ஒரே கல், ஒரே வெயில். நடுவில் ஒரு வர்ணப் பூச்சு மட்டும்.

இராமநாதசுவாமி கோயில் மூன்றாம் பிரகாரத்துக்கு அந்த வர்ணமும் தேவைப்படவில்லை. 18ஆம் நூற்றாண்டில் சேதுபதிகள் கட்டி முடித்தது. கிழமேல் ஏறத்தாழ 690 அடி, தென்வடல் 435 அடி, 1,212 தூண்கள் என்று கணக்கு. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிய ஈரத்தோடு நடக்கிறவர்கள் பிற்பகல் இரண்டு மணிக்கும் அந்தக் கல்லில் காலை ஊன்றி நிற்கலாம். வெயிலே படாத தரை, கனத்த கல் கூரை, இரு முனையிலும் காற்று. மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் கல் என்பது முக்கியம்.

அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் பலர் கைவிட்டுக்கொண்டிருக்கும் செல்வம் அது. சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் சூடு ஆண்டு முழுக்க அந்த ஊரின் சராசரியை ஒட்டியே நிற்கும். நம் கரையில் அது 28 டிகிரியை ஒட்டியது. மண்ணோடு தொடர்புள்ள, வெயில் படாத தரை அதை ஒட்டியே இருக்கும். தோல் 34, தரை 28 என்றால் உடம்பு தரைக்கு வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாட்டி கட்டிலை விட்டுவிட்டு வெறுந்தரையில் சாய்வது இதனால்தான். 25 டிகிரிக்கு மேலே இருப்பதால் வேர்க்கவும் செய்யாது. பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை. சுவர்ணபூமி செய்கிற வேலையில் ஒரு பங்கை அது சும்மா செய்து தருகிறது. சிமென்ட் பூசிய சிவப்புத் தரையும், பக்கத்துச் செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லும் இந்தத் தொடர்பை நன்றாகக் காக்கும். மரப்பலகை போலத் தோன்றும் பிளாஸ்டிக் விரிப்பையும், கீழே வெற்றிடம் விட்டு ஒட்டும் தரையையும் இங்கே யாருக்கும் சிபாரிசு செய்யாதீர்கள். தீவில் நிலத்தடி ஈரம் மேலேறி உப்புப் பூக்கும் தொல்லை உண்டு; பேஸ்மட்டம் நிரப்பிய பிறகு, பி.சி.சி. போடுவதற்கு முன் கெட்டியான பிளாஸ்டிக் தாள் விரிப்பதற்கு ஆகும் செலவு அற்பம். அதைச் செய்தாலும் குளிர்ச்சி போகாது. தரைக்கு வெயில் வராமல் மேற்கிலும் தெற்கிலும் தாழ்வாரம் இறக்கினால் போதும்.

தளத்துக்கு வருவோம். வெயிலை உள்ளே விடாமல் இருப்பதே முதல் வேலை. சுண்ணாம்போடு வெள்ளை சிமென்டும் பசையும் கலந்து மாடிக்கு இரண்டு கை அடிப்பது இந்த மாவட்டத்தில் தெரியாத வித்தை அல்ல. சாம்பல் காங்கிரீட் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை; புது வெள்ளைப் பூச்சு ஐந்தில் நான்கு பங்கு வரை திருப்பும். கடல்தூசியும் பாசியும் படிந்தால் அந்தத் திறன் இறங்கும் என்பதால், ஆண்டுதோறும் மாசி கடைசியில் கழுவி மறுபடி அடிக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் சாவி கொடுக்கும் நாளில் இதைச் சொல்லிக் கொடுங்கள். வசதி இருந்தால் வெள்ளை கூல் டைல்.

அடுத்தது, இறங்கும் சூட்டைத் தாமதிப்பதும் குறைப்பதும். உங்கள் தாத்தாமார் மெட்ராஸ் தளம் போட்டவர்கள். தேக்குச் சட்டத்தின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கியைக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு. தேக்கும் அந்த ஆள்பலமும் இன்று கட்டுப்படியாகாது. ஆனால் காங்கிரீட் தளத்தின்மேல் சுருக்கியும் தட்டோடும் போடுவதை நிறுத்த வேண்டிய அவசியம் என்ன இருந்தது? செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது அதுவாகிவிட்டது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பியபடி தளத்துக்குள்ளேயே பழைய ஓடுகளை நிரப்பி வார்த்தால் காங்கிரீட்டும் மிச்சம், சூடும் குறைவு.

சுண்ணாம்பு என்றதும் சிலருக்குப் பழைய நினைவு வரும். தனுஷ்கோடி இடிபாடுகளில் சுவருக்குள் பவளப்பாறைத் துண்டுகள் இன்றும் தெரிகின்றன. சுண்ணாம்புக்காகவோ கல்லுக்காகவோ பவளத்தின் பக்கம் திரும்பக்கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா; பவளத்தை எடுப்பது குற்றம், அதைவிட, மீனவர் வயிற்றில் அடிப்பது. கிளிஞ்சல் சுண்ணாம்பும் கல் சுண்ணாம்பும் போதும். அப்துல் கலாம் தம் 'அக்கினிச் சிறகுகள்' நூலில் மசூதித் தெருவிலிருந்த தம் மூதாதையர் வீட்டைச் சொல்கிறார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்புக் கல்லாலும் செங்கல்லாலும் கட்டியது. சிமென்ட் வருவதற்கு முன்பே இந்தத் தீவில் கெட்டி வீடுகள் நின்றன.

மூன்றாவது நிழல். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இல் வந்தது இந்த மாவட்டத்து வெயிலின் வலிமையை நம்பித்தான். அதே வெயில் விழும் மாடியில், தளத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயர்த்தி சோலார் பலகை மாட்டினால் மின்சாரமும் வரும், தளத்துக்கு நிழலும் விழும். துத்தநாகம் பூசிய தாங்கிகளும், புயலுக்குத் தாங்கும் போல்ட்டும் கட்டாயம். அதற்கு வழியில்லாத வீட்டில், கோடை மூன்று மாதமாவது மாடிமேல் பனையோலைத் தட்டிப் பந்தல்.

சூடான தரை இந்த மாவட்டத்தில் எங்குமே வேண்டாமா என்றால், வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாயைக் காயவைக்கும் களங்களுக்கு வேண்டும். கருவாடு காயும் சிமென்ட் மேடைகளுக்கு வேண்டும். மிளகாய் மேலேயிருந்தும் அடியிலிருந்தும் சூடு வாங்கினால் பூஞ்சை பிடிப்பதற்குள் காயும். அங்கே தரையைக் கெட்டியாக, கருமையாக, வெயில் பார்க்க வையுங்கள். மனிதர் தூங்கும் இடத்தின் கணக்கு இதற்கு நேர் எதிர்.

மத்திய அரசு 2018இல் கொண்டுவந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா, குடியிருப்புக் கூரை வழியே சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக்கூடாது என்கிறது. வெறும் காங்கிரீட் தளம் அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கைக் கடத்தும். பெரிய கட்டடங்களை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. 360 சதுர அடி வீட்டைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் மிகவும் வெந்துபோவது அந்த 360 சதுர அடிதான். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்று ஒப்புக்கொண்ட பிறகு, மானிய வீட்டின் மதிப்பீட்டில் மாடிக்கு வெள்ளைப் பூச்சும் சுருக்கியும் ஒரு வரியாகச் சேர வேண்டும். அதை ஊராட்சி ஒன்றியப் பொறியாளர்கள் எழுதிக் கேட்க வேண்டும். கேட்க வைக்கிற குரல் மேஸ்திரிகளுடையதாக இருக்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு சோதனை. இன்ஃபோசிஸ் செய்ததை இங்கே சில நூறு ரூபாயில் செய்யலாம். ஒரே தெருவில் ஒரே அளவில் அடுத்தடுத்துக் கட்டிய இரண்டு கனவு இல்லங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே திசை பார்த்தவையாக இருக்கட்டும். ஒன்றுக்கு மாடியில் இரண்டு கை வெள்ளை. மற்றது இருந்தபடியே. இரண்டிலும் தளத்தின் அடிப்பக்கம் நடுவில் ஒரு வெப்பமானியை ஒட்டி, பிற்பகல் மூன்று மணி, மாலை ஆறு மணி, இரவு ஒன்பது மணி என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். கச்சான் காற்று பலமாக வீசிய நாளையும், காற்றே இல்லாத நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்களிடம் எந்த வீட்டில் பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கியது என்று கேட்டு அதையும் அதே தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வெள்ளை அடிக்காத வீட்டுக்காரருக்கு வாரம் முடிந்ததும் அடித்துக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்.